கழுத்துப்பட்டி

எங்கள் வீட்டில் பூனைக்குக் கதவு வைத்தது பூனைமேல் உள்ள பாசத்தால் அல்ல, மனிதரைப் பூட்டி வைப்பதற்காக. ஜேர்மனியில், நாங்கள் இருக்கிற இந்த எசன் நகரத்தில் யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வதில்லை.

என் மனுசன் பென்ஜமினுக்கு மறதி வருத்தம். நான் விடியவே அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய் மத்தியானம்தான் திரும்புவேன். நான் இல்லாத நேரம் பூனை பின்கதவடியில் நின்று கத்தும். இவர் திறந்துவிடுவார், பிறகு தானும் அதன் பின்னால் போய்விடுவார். போன மாரிக் குளிரில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, வெறுங்காலில் ட்ராம் பாதையில் நடந்தவரைப் பொலிஸ்தான் கூட்டிக்கொண்டு வந்தது. கால்விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அன்றிலிருந்து இரண்டு கதவையும் பூட்டினேன். பூனை உள்ளே நின்று கத்த, இவர் கதவை உலுக்கி உலுக்கி உள்ளங்கை கன்றிப்போகும். பூனையை யாருக்காவது கொடுத்துவிடு என்று புத்தி சொன்னவர்களுக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழுந்தது. என் பெயர் மறந்த நாளிலும் அதன் பெயர் அவருக்கு மறப்பதில்லை. எனக்கு அது எரிச்சல்தான். அதற்காக அதையும் பறிக்கலாமா?

ஞாயிறு பூசையில் காண்கிற டக்ளஸுக்குத் தச்சு வேலை தெரியும். எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த சொந்தக்காரி சம்மதித்ததும் வந்து, பின்கதவின் அடிப்பலகையை வெட்டிச் சின்னக் கதவைப் பொருத்தினான். பூனையின் கழுத்தில் சிவப்புப் பட்டி ஒன்றைக் கட்டினான். பட்டியில் ஒரு காந்தம் தொங்கியது.

"பூனைக்கு ஆர் மணி கட்டுறது எண்டு கேப்பினம். நான் காந்தமே கட்டிப்போட்டன், அக்கா."

"பக்கத்து வீட்டுப் பூனையளும் உள்ளுக்கு வராதோ?"

"வராது. இந்தப் பட்டி ஆர் கட்டியிருக்கினமோ அவைக்குத்தான் திறக்கும்."

கதிரையில் இருந்த பென்ஜமின் நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடியோ, தம்பி?"

"ஓம், அண்ணை."

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டாரே என்று எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். டக்ளஸுக்கு இரண்டாம் தரமும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை இரண்டு கதவையும் பூட்டிவிட்டுப் போனேன். பூனை தன்பாட்டில் போய்வரும், இவர் கதவை உலுக்க மாட்டார் என்ற நிம்மதியில் தரை துடைத்தேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சமையல் குசினிக்குள் போனேன். பென்ஜமின் பின்கதவுக்கு முன்னால் நின்றார். பூசைக்குப் போடுகிற கோட்டு போட்டிருந்தார், சப்பாத்து கால் மாறியிருந்தது. இடது மணிக்கட்டில் அந்தச் சிவப்புப் பட்டி. கழுத்து வெறுமையான பூனை அவர் காலடியில் இருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொறற்றி," என்றார். அன்றைக்கு என் பெயர் அவருக்கு நினைவிருந்தது. "நான் கட்டிக்கொண்டுதான் நிக்கிறன். எனக்கு மட்டும் ஏன் திறக்குதில்லை?"

கோபம் வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. பாவி, நான் அவரை எவ்வளவு நேரம் இப்படி நிற்க வைத்தேனோ. கைப்பையில் இருந்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. மணிக்கட்டைத் தூக்கி எனக்குக் காட்டினார். "பாத்தீரே, வேலை செய்யுது."

முற்றத்தில் பூனை முன்னால் போக, இவர் அதன் பின்னால் போக, நான் இவர் கோட்டைப் பிடித்தபடி நடந்தேன்.

நாளைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. உள்ளே வந்ததும் பட்டியைக் கழற்றக் கை நீட்டினேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.