நனைந்த ஏழு மடிக்கணினிகள்

எங்கள் பள்ளியில் நூற்றுப்பதினெட்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பொறுப்பு நான், வேரா ஓலெக்ஸின். நூலகமும் என் பொறுப்புதான். ஆனால் புத்தகங்கள் தொல்லை தருவதில்லை, வைத்த இடத்தில் இருக்கும். மடிக்கணினிகள் அப்படியா? பிள்ளைகளோடு வீட்டுக்குப் போகின்றன, மாட்டுத் தொழுவத்துக்குப் போகின்றன, ஹாக்கி அரங்கத்துக்குப் போகின்றன. முதல் வருடம் முப்பத்தொரு திரைகள் உடைந்தன. ஒருத்தன் மடிக்கணினி மேல் உட்கார்ந்து பனிச்சரிவில் சறுக்கிக்கூடப் பார்த்திருக்கிறான்.

அப்போதுதான் நான் காலைப் பார்வையைக் கொண்டுவந்தேன். எட்டு ஐம்பதுக்குப் பேருந்துகள் வந்து நிற்கும். எட்டு ஐம்பத்தைந்துக்கு ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோரும் நூலகத்தில் நிற்க வேண்டும். பையைத் திற, மூடியைத் திற, ஆன் செய். நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவேன். கீறல், உடைசல், பட்டனுக்கு அடியில் ரொட்டித் தூள் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. ஐந்தே நிமிடம். அடுத்த வருடம் உடைந்தது நான்கு. நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிகளிலிருந்துகூட என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த ஜனவரியில்தான் விவகாரம் தொடங்கியது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து. இரண்டு வாரத்தில் ஐந்து பேருடைய மடிக்கணினிகள் அடுத்தடுத்துப் படுத்துவிட்டன. திரையில் ஒரு கீறல் இல்லை, காலைப் பார்வையில் நன்றாக எரியும், பத்து மணிக்குத் திறந்தால் செத்துக் கிடக்கும், அவ்வளவுதான். நானே பதினொரு திருகுகளையும் கழற்றிப் பின்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும். ஒவ்வொன்றிலும் சிவப்பு. பழுது பார்க்கும் இடத்திலிருந்தும் அதையே எழுதி அனுப்பினார்கள்: திரவம் கொட்டியிருக்கிறது.

டானிகா பிலிப்சக் மட்டும் மூன்று மடிக்கணினிகளைக் கெடுத்துவிட்டாள். ஒன்று போனதும் மாற்று கொடுத்தேன், அதுவும் போனது, இன்னொன்று கொடுத்தேன். ஆக மொத்தம் ஏழு. அவள் பதினொன்றாம் வகுப்பு, நெட்டைப் பெண், எதற்கும் குரலை உயர்த்தாதவள். மூன்றாவது மடிக்கணினி திங்கட்கிழமை செத்தது. செவ்வாய்க்கிழமை காலை, எல்லோர் முன்னாலும் அதன் ஸ்டிக்கரைக் காட்டினேன்.

"இது என்ன கலர்?"

"சிவப்பு, மிஸஸ் ஓலெக்ஸின்."

"பஸ்ல ஃபிளாஸ்க்ல ஹாட் சாக்லேட் கொண்டுவர்றீங்கல்ல, நீயும் உன் கூட்டமும்?"

"கொண்டுவருவோம். ஆனா நான் கொட்டல."

"அப்ப லேப்டாப் தானா அழுதுச்சா?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். டானிகாவின் காது சிவந்தது.

"நான் எதுவும் கொட்டல. நிஜமாத்தான் சொல்றேன்."

"கொட்டினதுகூடப் பரவாயில்ல. பொய் சொல்ற பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல."

என் விதி தெளிவானது. மூன்று முறை கெடுத்தவர்கள் கையில் பள்ளி மடிக்கணினி இருக்கக் கூடாது. அன்று மதியமே அவள் அப்பாவுக்குப் போன் செய்து, அவள் கொட்டியதையும் பொய் சொன்னதையும் சொன்னேன். இனி அவளுக்கு மடிக்கணினி கிடையாது என்ற கடிதம் வெள்ளிக்கிழமை வரும் என்றும் சொன்னேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல நடிக்க மாட்டேன். எங்களைப் போன்ற சின்னப் பள்ளியில் வேதியியலுக்கு ஆசிரியர் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் மாலை ஏழு மணிக்கு வேறோர் ஊரிலிருந்து ஓர் ஆசிரியை திரையில் வந்து பாடம் நடத்துகிறார். எங்கள் பள்ளியிலிருந்து அதில் சேர்ந்தவள் டானிகா ஒருத்திதான். பண்ணை வீட்டில் வேறு கணினி கிடையாது. வேதியியல் இல்லாமல் அவள் ஆசைப்படும் கால்நடை மருத்துவப் படிப்பின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மடிக்கணினி போனால் பாடம் போகும், பாடம் போனால் எல்லாமே போகும். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதானே என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் நூலகத்துக்கு வந்தாள். நான் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவேன். கேளு."

"எங்க அப்பா மான் வேட்டைக்குப் போய்ட்டு வந்தா துப்பாக்கிய நேரா சமையலறைக்குக் கொண்டுவர மாட்டார். வெளி வாசல் அறையில, உறையோட, ராத்திரி பூரா வச்சிருப்பார். ஏன் தெரியுமா?"

"இந்த ஊர்ல இது யாருக்குத் தெரியாது? குளிர்லேர்ந்து சூட்டுக்கு வந்தா துப்பாக்கி வேர்க்கும். துருப்பிடிக்கும்."

"அதேதான்." அவள் சற்று நிறுத்தினாள். "பஸ்ல பின்பக்க ஹீட்டர் கிறிஸ்துமஸ்லேர்ந்து வேலை செய்யல. ஜன்னலுக்கு உள்பக்கம் பனி பிடிச்சிருக்கும். நாங்க ஒண்ணேகால் மணி நேரம் அதுல வர்றோம். வந்ததும் நீங்க லேப்டாப்ப திறக்கச் சொல்றீங்க."

"டானிகா, இது துப்பாக்கி இல்ல."

"எனக்குத் தெரியும். ஆனா இதுவும் இரும்புதானே, மிஸஸ் ஓலெக்ஸின்? உள்ள இன்னும் மோசம், கரண்ட் வேற ஓடுது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சமாதானமாகப் போகிறவர்களின் நடை அல்ல அது. பின்னாலிருந்து பார்த்தே தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வயதுப் பெண் எனக்குப் பாடம் எடுப்பதா? சாண்ட்விச்சைத் தள்ளி வைத்தேன். கெட்டுப்போன ஏழுக்கும் நான் எழுதி வைத்திருந்த பழுதுப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே நான்காம் எண் பேருந்து. எல்லோருமே பத்தாம் வகுப்புக்கு மேல். பெரிய பிள்ளைகளுக்குத் திமிர் அதிகம், அதனால்தான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் எங்கள் பேருந்தில் பின் இருக்கை பெரிய பிள்ளைகளின் உரிமை. சின்னவர்கள் அங்கே உட்கார்ந்தால் தள்ளிவிடுவார்கள். நானே என் காலத்தில் தள்ளியிருக்கிறேன். ஊருக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் பத்து நிமிடம் நடந்து வருகிறவர்கள். அவர்களிடம் ஒன்றுகூடச் சாகவில்லை.

பழைய, யாருக்கும் கொடுக்காத ஒரு மடிக்கணினி அலமாரியில் இருந்தது. அதை உறையில் போட்டு, பின்வாசலைத் திறந்து பனிக்குவியலில் நட்டு வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் யாரோ வந்து புத்தகம் கேட்டார்கள், என்ன புத்தகம் என்றுகூட நினைவில்லை. பிறகு அதை உள்ளே கொண்டுவந்து, மேசையில் வைத்து, உடனே மூடியைத் திறந்தேன். காலைப் பார்வையில் செய்வது போலவே.

பத்து விநாடியில் திரையில் மூடுபனி படர்ந்தது. பட்டன்களின் மேல் பொடிப்பொடியாக நீர். ஆன் செய்தேன், திரை வெளிச்சமானது. திருப்பிப் போட்டுத் திருகுகளைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு திருகு உருண்டு மேசைக்கடியில் போயிற்று. உள்ளே தகடெல்லாம் ஈரம். வெள்ளை ஸ்டிக்கரின் ஓரம் என் கண்ணெதிரிலேயே ரோஜா நிறமாகி, பின் சிவந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஹாட் சாக்லேட்டாவது, மண்ணாங்கட்டியாவது. காலையில் முதல் மணிநேரம் எங்கள் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் கணக்கு. கணக்குக்குப் பென்சில்தான். என் காலைப் பார்வை இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பைகள் லாக்கரில் மூடிக்கிடந்து மெல்ல மெல்லச் சூடேறியிருக்கும். முன் வருடங்களில் பேருந்து கதகதப்பாக இருந்ததால் நானும் தப்பித்திருக்கிறேன். எதையும் உடைக்கவிடக் கூடாது என்று நான் கொண்டுவந்த ஐந்து நிமிடங்களே ஏழு இயந்திரங்களைக் கொன்றிருக்கின்றன. வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

முதல்வர் கர்ட் ரெம்பெல் என்னைவிடப் பத்து வயது இளையவர், பிரச்சினை என்றால் சத்தமில்லாமல் முடிக்கப் பார்ப்பார். நான் மேசையில் வைத்த ஈரமான மடிக்கணினியை அவர் குனிந்து பார்த்தார்.

"சரி, வேரா. லெட்டர கிழிச்சிடலாம். ஹீட்டர சரி பண்ணச் சொல்றேன். நாளையிலேர்ந்து லேப்டாப் செக்கிங் பத்து மணிக்குன்னு ஒரு நோட்டீஸ் போட்டுடுங்க. முடிஞ்சது."

"டானிகா?"

"அவளுக்கு லேப்டாப் திரும்பக் கிடைக்குதுல்ல? வேற என்ன வேணும்? பழிய ஹீட்டர் மேலயே போட்டுடலாமே."

"குளிர்ந்தா மட்டும் கெட்டுப்போகாது, கர்ட். குளிர்ந்தத உடனே திறந்து கரண்ட் குடுத்தாத்தான் கெட்டுப்போகும். குடுக்கச் சொன்னது ஹீட்டர் இல்ல. நான்."

"எழுபது பிள்ளைங்க முன்னாடி போய் நிப்பீங்களா? அப்புறம் அதுங்க உங்க பேச்ச கேக்குமா?"

"பிள்ளைய பொய்க்காரின்னு சொன்னப்பவும் எழுபது பேர் இருந்தாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். நான் தவறையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, திருத்துவதையும் அப்படித்தான். அன்று மதியத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலை வரை எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பயம் இருந்தது, அது வேறு.

வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பத்தைந்து. பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் வழக்கம் போல ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் இதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பழக்கத்தில் எல்லோரும் பை ஜிப்பைப் பிடித்தார்கள்.

"திறக்காதீங்க. யாரும் திறக்கக் கூடாது."

டானிகா கடைசி வரிசையில், பையில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை இதே இடத்துல நான் டானிகாவ பொய்க்காரின்னு சொன்னேன். அவ பொய் சொல்லல. எதையும் கொட்டவும் இல்ல. குளிர்ந்த லேப்டாப்ப சூட்டுல உடனே திறந்தா உள்ள வேர்க்கும், செத்துப்போகும். திறக்கச் சொன்னது நான். இந்த ஏழையும் கெடுத்தது நான்தான். கண்டுபிடிச்சது டானிகா. இனிமே பத்து மணிக்குத்தான் பைய திறக்கணும், அதுவரைக்கும் மூடியே இருக்கட்டும்."

முன்வரிசையில் ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கையைத் தூக்கினாள். தூக்காமல் பேசக் கூடாது என்பதும் என் விதிதான்.

"மிஸஸ் ஓலெக்ஸின், மூணு தடவ கெடுத்தா லேப்டாப்ப திருப்பிக் குடுக்கணும்னு சொன்னீங்கல்ல? நீங்க ஏழு கெடுத்திருக்கீங்க."

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. வாசலில் நின்ற ரெம்பெல் இருமினார். எனக்கு முகம் காந்தியது. ஆனால் அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை.

"ஆமா. குடுக்கணும்."

என் மேசைக்குப் போய் என் மடிக்கணினியின் வயர்களைக் கழற்றினேன். முந்தைய நாளே அவள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து வைத்திருந்தேன், கடவுச்சொல்லை மட்டும் அவளே போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தின் நடுவே நடந்து போய் அதை டானிகாவிடம் நீட்டினேன்.

"மன்னிச்சிடு. புதுசு வர்ற வரைக்கும் இது உன்னோடது. நான் பென்சில்ல எழுதிக்கிறேன். இன்னைக்கு ஏழு மணிக்கு வகுப்பு இருக்கில்ல?"

"டெஸ்ட் இருக்கு." அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. நகரவும் இல்லை.

"இன்னும் என்ன?"

அவள் குரல் எனக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத் தணிந்தது. "நீங்க சொன்னத அப்பா நம்பிட்டார். 'கொட்டினது போகட்டும், ஏன் பொய் சொல்ற'ன்னார். மூணு நாளா என்கூடப் பேசல."

என் வாயிலிருந்து வந்த வாக்கியம் அது. போன் கம்பி வழியாக அவள் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

மேசையிலிருந்த போனை எடுத்து அவள் வீட்டு எண்ணை அழுத்தினேன். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு அவர் எடுத்தார். பின்னால் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"வேரா ஓலெக்ஸின் பேசறேன், பள்ளிக்கூடத்துலேர்ந்து. செவ்வாய்க்கிழமை நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. டானிகா எதையும் கொட்டல. பொய்யும் சொல்லல. பொய் சொல்றான்னு சொன்னது நான்தான், தெரியாம சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் அவர் ஒரு மாட்டை அதட்டினார்.

"குளிர்லேர்ந்து வந்ததுமேவா திறந்தாங்க?" என்றார்.

"ஆமா. நான்தான் திறக்கச் சொன்னேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ பக்கத்துல இருக்காளா? போன அவகிட்ட குடுங்க."

கொடுத்தேன். டானிகா மடிக்கணினியை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, "அப்பா" என்றாள். நான் மற்றவர்களை எல்லாம் சத்தமில்லாமல் வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு, கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினேன்.