ஆத்தாளும் அறிவியல் வகுப்பும்

ஆடி பிறந்தும் மலைமேல் மழை இறங்கவில்லை. கருமுகில் முகடுகளின்மீது கவிந்து நின்றதே தவிர ஒரு துளியும் நெகிழவில்லை. விதைத்து விட்ட சாமைக் கொல்லைகள் வெடித்து வானம் பார்த்துக் கிடந்தன. பலாமரங்களினூடே காற்று புகுந்து புலம்பியது. பறவைகளும் குரலடக்கிய அந்நாட்களில், மலை முழுவதும் யார்மீதோ குற்றம் சுமத்தக் காத்திருப்பதுபோல் இருந்தது.

அந்தக் குற்றம் தன்மேல்தான் விழும் என்று சரிதா அஞ்சினாள். ஆலங்காயத்திலிருந்து மாற்றலாகிப் புதூர்நாட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வந்திருந்த அறிவியல் ஆசிரியை அவள். விடியலில் பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவள்.

முந்தைய நாள் பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றம் பற்றிய பாடம். “முதல் உயிர் எப்படி வந்தது?” என்று கேட்டாள். ரம்யா எழுந்து வந்து கரும்பலகையில் மலையின் தெய்வமான ஆத்தாளை வரைந்தாள். மடியிலிருந்து ஆத்தாள் இறைத்த சாமை மணிகள்தாம் ஊர்வனவும் பறப்பனவும் மனிதருமாயின என்றாள். “அழகான கதைம்மா. ஆனா இது சாமி கும்புடுற எடத்துக் கதை” என்று சொல்லிச் சரிதா பலகையைத் துடைத்தாள். வகுப்பு உறைந்துபோயிற்று. ஊரில் திருவிழாக் காப்பு கட்டியிருந்தது அப்போது அவளுக்குத் தெரியாது. காப்பு அவிழும்வரை ஆத்தாளின் உருவை மனிதக் கை அழிக்கலாகாது. மாக்கோலத்தையும் காற்றுதான் கலைக்க வேண்டும்.

இன்று மலைப் பெண்பிள்ளைகள் ஒருத்தியும் வகுப்புக்கு வரவில்லை. பிற்பகலில் ஊர்க்கவுண்டர் கோபால்சாமியும் ரம்யாவின் தந்தை காசியும் வாசலில் வந்து நின்றனர். பின்னால் ஒரு கூட்டம்.

“இன்னா டீச்சரம்மா, ஆத்தாள டஸ்டர் போட்டுத் தொடச்சிட்டு, கொரங்குதான் நம்மளப் பெத்துதுன்னு சொன்னீங்களாமே?” என்றான் காசி. “ஆலங்காயத்துல வேணா அப்பிடி இருக்கும். எங்க வூட்ல இல்ல.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. “மொதல்ல எங்க ஆத்தா கதைய அறிவியல் பாடத்துல நடத்துங்க. அப்புறம் உங்க கதை. இல்லன்னா பொண்ணுங்க வராதுங்க.”

ரம்யாவின் படிப்பு இந்த வாசலோடு முடிந்துவிடும். அதனினும் பெரிய நடுக்கம் ஒன்று சரிதாவின் நெஞ்சுக்குள் இருந்தது: தாயின் முகத்தைத் தன் கையே அழித்ததோ?

“தொடச்சது தப்புங்க. ஆத்தா கால்லயே வந்து விழறேன்” என்றாள். “ஆனா, பாடத்துல வெக்க மாட்டேன்.”

“ஏன்? எங்க சாமி பொய்யா?”

“பாடம்னா எதையும் சந்தேகப்படணுங்க. யாரு பாத்தா, இன்னா சாட்சின்னு புள்ளைங்க கேக்கணும். சாட்சி பத்தலன்னா தப்புன்னு நான் அடிக்கணும். நாளைக்குப் புதுசா ஒண்ணு கெடச்சா, பழசத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஆத்தாளக் கொண்டாந்து அந்த எடத்துலயா நிறுத்தச் சொல்றீங்க?”

கவுண்டர் காசியிடம் திரும்பினார். “இன்னாடா காசி, ஆத்தாளுக்கு மார்க் போடலாமா?”

“அய்யய்யோ!” காசி கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஆனாலும் முகம் இளகவில்லை. “அப்ப கோயிலுக்கு வாங்க. பொண்ண அனுப்புறதப் பத்தி அங்க சொல்றேன்.”

அவர்கள் பின்னே சரிதா கோயிலுக்கு நடந்தாள். புளியமரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லாய் ஆத்தாள் இருந்தாள். காலணியைத் தொலைவிலேயே கழற்றிவிட்டுச் சரிதா மண்டியிட்டாள். அகலில் எண்ணெய் வார்த்தாள். காற்றுக்குக் கையை அணையாக்கித் திரியை ஏற்றினாள். பாட வந்த பதிகம் வாய்க்கு எட்டவில்லை. நெற்றி மண்ணில் பட, வெறுமனே கிடந்தாள்.

தோளைத் தொட்டு எழுப்பியவள் ரம்யாவின் தாய் செல்லி. காசியை ஒரு பார்வை பார்த்தாள், அவன் தலையசைத்தான். செல்லி திருநீற்றை அள்ளிச் சரிதாவின் நெற்றி நிறையப் பூசினாள்.

“நாளைக்கு எம் பொண்ணு வருவா. ஆத்தா தொணை இருப்பா. நீ நல்லா இரு தாயீ.”