கேள்வியாக வராத செய்தி

குரோம்பேட்டையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் நடப்பு நிகழ்வுகள் என்று சொன்னால் தாவீது சார் பெயர்தான் வரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் செருப்புக்கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. வருடம் முடியும்போது உலகத்தில் நடந்த அத்தனையையும் நாற்பது பக்கப் புத்தகமாக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். தேதி, இடம், பெயர் மூன்றும் இருந்தால்தான் தேர்வில் கேள்வியாக வரும். மற்றதெல்லாம் வெறும் பேச்சு, அடித்துவிட வேண்டியதுதான். இருபது வருடமாக அந்த விதி அவரைக் கைவிட்டதில்லை. அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

2021 டிசம்பர் கடைசியில், பீர்க்கன்கரணை வீட்டில் உட்கார்ந்து அந்த வருடத்துப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட கப்பல், ஒரு வருடம் தள்ளிப்போய் நடந்த டோக்கியோ ஒலிம்பிக், காபூல் தாலிபான் கைக்குப் போனது, கிளாஸ்கோ பருவநிலை மாநாடு எல்லாம் தேறின. 'உக்ரைன் எல்லையில் ரஷ்யப் படைகள் குவிப்பு' என்ற வரியில் பேனா நின்றது. அவருடைய ஒரே மகள் ஜெரூஷா அந்த எல்லைக்குப் பக்கத்தில், கார்கிவ் நகரத்தில்தான் நாலாம் வருடம் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளே வீடியோவில் வந்தாள்.

"அப்பா, இங்க சில பேர் ஊருக்குக் கிளம்புறாங்க. நானும் வந்துடவா?"

"அட்டெண்டன்ஸ் என்னாகும்?"

"கட் பண்ணிடுவாங்க."

"ஏப்ரல்லயும் இப்படித்தாம்மா கொண்டாந்து நிறுத்தினாங்க, அப்புறம் பின்வாங்கிட்டாங்க. எல்லாம் பூச்சாண்டி. இருபது வருஷமா பாக்குறேன், ஒண்ணும் ஆகாது. நீ படி."

அவர் மனைவி செல்வமேரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பயந்துபோய்த்தானே கேக்குறா, வரட்டுமே."

"உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, அந்த வரியையும் அடித்துவிட்டார். புத்தகம் அச்சுக்குப் போனது.

பிப்ரவரி இருபத்துநான்காம் தேதி விடியும்போது கார்கிவில் குண்டு விழுந்தது.

அதற்குப் பிறகு தாவீது வகுப்புப் பக்கமே போகவில்லை. ஹாஸ்டலின் நிலவறையிலிருந்து ஜெரூஷா ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பேசுவாள், அதுவும் சார்ஜ் இருந்தால். செல்வமேரி முழங்காலிட்டு ஜெபம் பண்ணினாளே தவிர, புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. வரட்டுமா என்று கேட்ட பிள்ளையை வாயால் அங்கேயே கட்டிப்போட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஜெரூஷா ரயில் ஏறி, எல்லை தாண்டி, டெல்லி வழியாக மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஷீலாவோட அப்பா வந்திருக்காரா?" என்றாள். ஷீலா அவள் அறைத்தோழி, படப்பைப் பெண்.

"அவ எங்கம்மா?" என்றார் தாவீது.

"கார்கிவ் ஸ்டேஷன்ல கூட்டத்துல என்னை உள்ள தள்ளிட்டாங்க. அவ பிளாட்பாரத்துலயே நின்னுட்டா. அஞ்சு நாளா போன் போகல. டிசம்பர்ல அவ டிக்கெட் போட்டிருந்தாப்பா. எங்கப்பாவே ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாருன்னு நான்தான் கேன்சல் பண்ண வச்சேன்."

ஜெரூஷா வாசல் பக்கம் கை காட்டினாள். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, வெளியே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் ஷீலாவின் அப்பா சுகுமார். படப்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மாணவர்கள் வருகிற எல்லா விமானத்துக்கும் வந்து நிற்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தாவீது மெல்ல அவரிடம் போனார்.

"நான் ஜெரூஷாவோட அப்பாங்க. சண்டை வராதுன்னு சொன்னது நான்தான். என் பேச்சைக் கேட்டுத்தான் உங்க பொண்ணு டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டா."

சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தார். சுகுமாரோ அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் சார். பொண்ணு அப்பவே சொல்லிச்சு. உலக விஷயமெல்லாம் பாடம் எடுக்குற சார் சொல்றாரு, தைரியமா இருன்னு நானும்தான் சொன்னேன். அது போவட்டும். இப்ப சொல்லுங்க, எம் பொண்ணு வந்துடும்ல?"

"தெரியலைங்க" என்றார் தாவீது.

சுகுமார் கையை விடவில்லை.

"வந்துடும்னு சொல்லுங்க சார். நீங்க சொன்னா நான் நம்புவேன்."