மூணாம் நம்பர் பிளக்

“இந்தத் தடவை வண்டிய ஓட்டிட்டு வரக்கூடாது. கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வரணும்.”

அவள் சொல்லி முடித்ததும் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. அண்ணன் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை, ஆனால் அவன் காது சிவந்துவிட்டது. வண்டிக்குச் சொந்தக்காரரான அச்சகக்காரர், வாயருகே கொண்டுபோன டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மட்டும் காதில் எதுவும் விழாதவர்போல, துடைத்து வைத்த ஸ்பேனரை எடுத்து இன்னொரு முறை துடைத்தார்.

படிப்பை முடித்து, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று அவள் பட்டறைக்குள் கால் வைத்த அன்றே அப்பா சொல்லிவிட்டார். “என்ன வேணா கேளு. கயிறு மட்டும் கேக்காத.”

அப்பா இன்னொருவரிடம் கூலிக்கு இருந்த காலத்தில், தன்னந்தனியாகப் பிரித்துப் பூட்டிய முதல் வண்டி நடுத்தெருவில் படுத்துவிட்டதாம். கயிறு கட்டி இழுத்து வந்தபோது வழிநெடுக ஆட்கள் கை தட்டினார்களாம். அந்த அவமானத்தில் போட்ட சபதம்தான் இன்றைக்கும் இந்தப் பட்டறையின் சட்டம்: நம் கை பட்ட வண்டி தன் காலில்தான் திரும்பி வர வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். பிஸ்டனுக்குத்தான் அது தெரியவில்லை.

“படிச்ச பொண்ணு,” என்று அப்பா அச்சகக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “புத்தகத்துல கயிறு படம் போட்டிருப்பான். அதான் கேக்குது.”

அச்சகக்காரர் சிரிக்கவில்லை. “போன தடவ மாதிரி ஆயிடாதே அண்ணே? இப்பல்லாம் பெட்ரோல் நானேதான் போடறேன். தம்பி கைல சாவியே குடுக்கறதில்ல.”

“அப்புறம் என்ன பயம்? மட்டமான பெட்ரோல ஊத்தினா எந்த இன்ஜின் தாங்கும்?”

“அவன்கூடப் பேச்சையே விட்டாச்சு அண்ணே.”

அச்சகக்காரருடைய வண்டி பழைய கார். இங்கேதான் டர்போ பூட்டி, அதன் பலத்தை இரண்டு மடங்காக்கினார்கள். சில மாதத்திலேயே இன்ஜின் போயிற்று. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அப்பா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: மட்டமான பெட்ரோல். கடைசியாகப் பெட்ரோல் போட்டது அச்சகக்காரரின் தம்பி. நல்ல பங்க்கில்தான் போட்டேன் என்று அந்த ஆள் தலையில் அடித்துச் சொல்லியும் எடுபடவில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்கள் பிரிந்து போனார்கள். இப்போது அச்சகத்தில் ஒரே மெஷினின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, “மை தீர்ந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுப்பா” என்று மூன்றாம் ஆளை வைத்துப் பேசிக்கொள்கிறார்களாம்.

தீர்ப்பு சொன்ன அன்று அவளும் அங்கேதான் இருந்தாள். சந்தேகம் இருந்தது, சாட்சி இல்லை. வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் போய் இது ஒன்று.

சாட்சி இந்த வாரம்தான் கிடைத்தது. சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளைக் கழற்றியதும் அப்பா ஒரு பலகையில் ஆணி அடித்து, சிலிண்டர் வரிசை மாறாமல் மாட்டி வைப்பார். செத்துப்போன இன்ஜினின் நாலு பிளக்கும் அங்கே தொங்கின. நாலும் கரி. அவள் மூணாம் நம்பரை எடுத்து, பெட்ரோலில் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒத்தி எடுத்தாள். கரிக்குக் கீழே பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. வெள்ளையில் மிளகுப்பொடி தூவினதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். வெளிச்சத்தில் திருப்பினால் மின்னின.

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற டாக்டர்போலத்தான் இந்தத் தொழிலில் பிளக்கைப் பார்ப்பது. பீங்கான் நுனி டீ நிறத்தில் இருந்தால் இன்ஜின் சுகம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. வெளுப்பில் மின்னும் புள்ளி இருந்தால், உருகித் தெறிப்பது பிஸ்டனேதான். இது அப்பாவுக்கும் தெரியும். அவளைவிட நன்றாகவே தெரியும்.

ஆனால் பிளக்குக்கு ஞாபகசக்தி குறைவு. கடைசியாக நடந்ததைத்தான் சொல்லும். அண்ணன் ஊருக்கு வெளியே நேர் ரோட்டில் வண்டியை முழு வேகத்தில் விரட்டுவான். அதோடு நிறுத்திக் கழற்றினால் பிளக் உண்மை பேசும். அங்கேயே கழற்ற முடியாது. டர்போ குழாய்கள் பிளக்குகளின் தலைமேல் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருக்கின்றன; எல்லாவற்றையும் பிரித்து, சூடு ஆறும்வரை காத்திருந்துதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். அதனால் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். மார்க்கெட் நெரிசல், சிக்னல், மறுபடி சிக்னல். நின்று நின்று உறுமுகிற இன்ஜின் பிளக்கின் மேல் புதிதாகக் கரியைப் பூசிவிடும். அப்பா கழற்றிப் பார்த்து, “கரி. பெட்ரோலக் குறை,” என்பார். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவை அண்ணன் லேப்டாப்பில் குறைப்பான். மறுபடி ரோடு, மறுபடி சிக்னல், மறுபடி கரி. “இன்னும் குறை.” புகைக்குழாயில் சென்சார் இருக்கத்தான் இருக்கிறது. அது நாலு சிலிண்டரின் புகையையும் கலந்து பொதுவாக ஒன்றைச் சொல்லும்; மூன்றாவது வீடு மட்டும் பற்றி எரிகிற கதை அதற்குத் தெரியாது.

பெட்ரோல் மேல் குற்றமே இல்லை. குறைத்துக் குறைத்து உருக்கியது இவர்கள். இப்போது வண்டியில் பூட்டியிருக்கும் புது இன்ஜினையும் அதே பாதையில்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மாதான் ஆரம்பித்தாள். “அந்த மனுஷன் முன்னாடியா கேப்ப? தனியாக் கேட்டா வாய் வலிக்குமா?”

“தனியாக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதாலதான்மா அங்க கேட்டேன்.”

அப்பா தட்டைப் பார்த்தே பேசினார். “உன்னப் படிக்க வெச்சது எனக்குப் பாடம் எடுக்கவா?”

“படிக்க வெச்சீங்க. படிச்சதப் பேசாதேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். ஃபீஸ் மிச்சமாயிருக்கும்.”

“வாய்...” என்றாள் அம்மா.

“பழைய பிளக்கத் தொடைச்சுப் பாத்தீங்களாப்பா? கீழ வெள்ளை. அதுல புள்ளி. அந்தத் தம்பி போட்ட பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“என் கண்ணு பாக்காததயா உன் பஞ்சு பாத்துடுச்சு?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அன்னிக்கு யாரோ கை தட்டினாங்கன்னு, இன்னிக்கு அடுத்தவன் குடும்பத்த ரெண்டாப் பொளந்துட்டு உக்காந்திருக்கீங்க. நீங்க மெக்கானிக் இல்லப்பா. பயந்தாங்கொள்ளி.”

அப்பா பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கை கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. கிரீஸ் போகாத அந்த விரல்களால்தான் அவர் அவளுடைய ஒவ்வொரு காலேஜ் விண்ணப்பத்திலும், ஓரத்தில் கறை படியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நட்டு என்றால் திருப்பிக் கழற்றலாம். சொல்லிவிட்ட வார்த்தைக்கு எந்த ஸ்பேனரும் இல்லை.

அப்பா மறுநாள் ஸ்பேர் வாங்கக் கிளம்பியதும், அண்ணன் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“இன்ஜினியரம்மா, ஒரே ஒரு தடவதான். கயிறு எங்க இருக்கு?”

“டிக்கில.”

“எப்ப வெச்ச?”

“நேத்தே.”

“நீ அவரு பொண்ணேதான்,” என்றான்.

குடோன்கள் வரிசையாக நிற்கிற நேர் ரோட்டில் அண்ணன் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தான். டர்போவின் விசில் காதைக் கிழித்தது. அவள் மடியில் லேப்டாப். சென்சார் எல்லாம் நலம் என்றே காட்டியது. “இப்ப!” என்று கத்தினாள். அண்ணன் கிளட்சை மிதித்து இன்ஜினை அணைத்தான். திடீரென்று காற்றுச் சத்தம் மட்டும். வண்டி தன்பாட்டில் உருண்டு, உருண்டு, ஒரு குடோன் வாசலில் நின்றது.

இழுத்துப் போக வந்த மினி லாரிக்காரருக்கு நம்பிக்கையே வரவில்லை. “பட்டறைக்காரர் வண்டிக்கா கயிறு? அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுடும்,” என்றாள். “நீங்க மெதுவா ஓட்டினா இன்னும் நல்லாத் தெரியும்.”

தெரு முழுக்கத் தெரிந்தது. டயர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். டீக்கடையில் ஒருத்தன் செல்போனை உயர்த்தினான். “என்னப்பா, புலியே கயித்துல வருது!” என்று யாரோ கத்த, நிஜமாகவே ரெண்டு பேர் கை தட்டினார்கள். அவள் ஜன்னலை ஏற்றினாள். அப்பா சொன்ன பழைய கதை அதுவரை அவளுக்குக் கதையாகத்தான் இருந்தது. அந்தக் கைத்தட்டல் எப்படிப்பட்டது என்று இப்போதுதான் முதுகில் உறைத்தது.

அப்பா அவர்களுக்கு முன்பே திரும்பி வந்து வாசலில் நின்றார். திட்டவில்லை. குனிந்து, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஓரமாகப் போட்டார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

குழாய்களைப் பிரித்து, சூடு ஆறியபின் அவளே கழற்றினாள். ஒன்று, டீ நிறம். இரண்டு, டீ நிறம். நாலு, சற்றே வெளிறிய டீ. கடைசியாக மூன்று. துடைக்கவே தேவை இருக்கவில்லை. சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் மின்னும் புள்ளிகள். அவள் அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிளக்கைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பார்வை போதும் அவருக்கு. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போன இன்ஜினும் இப்படித்தானா?” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“ஆமாம்ப்பா.”

அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கோபமே இல்லை. அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், நேற்று சொன்னதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாய் திறக்கும் முன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அச்சகக்காரர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

“அண்ணே, கயிறு கட்டி வந்துச்சுன்னு சொன்னாங்க. மறுபடி போச்சா?”

அப்பாவின் கை பிளக்கை மூடிக்கொண்டது. முகம் நேற்றைய முகமானது. “ஒண்ணுமில்ல. பொண்ணு தெரியாம எதையோ கழட்டி மாட்டிடுச்சு. நடுவழில நின்னுடுச்சு. வண்டில ஒரு குறையும் இல்ல.”

அண்ணன் தரையைப் பார்த்தான்.

“அப்ப போன தடவ...”

“அது பெட்ரோல்தான். அதுல என்ன சந்தேகம்?”

சொல்லிக்கொண்டே அப்பா மேஜைமேல் இருந்த வயர் பிரஷை எடுத்தார். பழக்கதோஷம் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். கையிலிருந்த பிளக்கின் மேல் சரக், சரக் என்று நாலு தேய்ப்பு. புள்ளி போயிற்று. கம்பி பட்டு வெள்ளையும் சாம்பலாயிற்று. இன்னொரு முறை அந்த மனிதர் எதிரில் அப்பாவைத் தலைகுனிய வைக்க அவளால் முடியவில்லை. நேற்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், இன்று அவர் கை அந்த பிரஷைத் தேடியிருக்குமா? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

அச்சகக்காரர் பாதி சமாதானத்தோடு போனார். ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை பொறுத்துவிட்டு அவள் கேட்டாள்.

“நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா. நான் கூட வரல. வாய மூடிட்டு வீட்டுல இருக்கேன். நீங்களே சொல்லுங்க.”

“வண்டியச் சரி பண்ணிடறேன். மூணாவதுக்குப் பெட்ரோல் கூட்டிட்டாப் போச்சு. இனிமே அது உருகாது.”

“இன்ஜின் உருகாது. அந்தத் தம்பி?”

“அண்ணன் தம்பி சண்டைக்கு நானா பொறுப்பு? அவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்.”

“நீங்க சொன்ன ஒண்ணுதான் இருக்கு.”

அப்பா பிரஷைக் கீழே வைத்தார். குரல் தழைந்தது. “இவ்வளவு வயசுக்கு மேல போய், என் கண்ணு தப்பாப் பாத்துடுச்சுன்னு எப்படிம்மா சொல்லுவேன்? அப்புறம் எவன் இந்த வாசல்ல வண்டிய நிறுத்துவான்?”

கெஞ்சல்தான். அப்பா யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அவர் கண் பொய் சொல்லவில்லை. கரியைக் கரி என்றுதான் சொன்னது. வண்டி எப்படித் திரும்பி வந்தது என்று மட்டும் ஒரு முறை கேட்டுப் பார்த்திருந்தால் போதும். அந்தக் கேள்வியைத்தான் அவர் பல வருஷமாகக் கயிற்றோடு சேர்த்து மூலையில் போட்டுவிட்டார்.

அவள் ஸ்பேனரைத் துடைத்து, அப்பா மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினாள். வேலைக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தாள். பலகைக்குப் போய், பழைய இன்ஜினின் மூணாம் நம்பர் பிளக்கை ஆணியிலிருந்து எடுத்து, பஞ்சில் சுற்றிப் பைக்குள் போட்டாள். அதை யாரும் இன்னும் பிரஷ் போட்டுத் தேய்க்கவில்லை.

“எங்க போற?” என்றார் அப்பா.

“அச்சகத்துக்கு.”

“போனா திரும்பி...” என்று ஆரம்பித்தவர் மீதியைச் சொல்லவில்லை. சொல்லாத மீதி என்ன என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவள் கோட்டை மடித்தபோதே அதற்கும் சேர்த்துத்தான் மடித்திருந்தாள்.

அண்ணன் வாசல்வரை வந்தான். “நானும் வரட்டுமா?”

“வேணாம். அவர் பக்கத்துல இரு. மூணாவதுக்கு மறக்காம பெட்ரோலக் கூட்டு.”

ஓரமாகக் கிடந்த கயிற்றைத் தாண்டி அவள் தெருவில் இறங்கினாள். டீக்கடையில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. பின்னால் அப்பா கூப்பிடுகிறாரா என்று ஒரு தரம் காது கொடுத்தாள். அதற்காக நடையை நிறுத்தவில்லை.