பார்க்காமல் அழுத்திய ஏழு

1

இந்தக் கதை ஒரு ராங் நம்பரில் பிறந்தது. கிரீன்ஸ்பர்க்கில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒருநாள் கூட்டல் இயந்திரத்தைத் தட்டிய கையோடு வீட்டுக்குப் போன் செய்தேன், யாரோ எடுத்தார்கள். இயந்திரத்தில் ஏழு, எட்டு, ஒன்பது மேல் வரிசை. போனிலோ அது கீழே. மேலே ஒன்று, இரண்டு, மூன்று. எவன் இப்படி வைத்தான் என்று திட்டினேன். அப்போது தெல்மா நினைவுக்கு வந்தாள். (வரவில்லை. நான்தான் உண்டாக்கினேன்.)

2

1963 நவம்பர், ஊருக்குப் பொத்தான் போன் வந்த மாதம். ‘தெல்மா ஒரு சோகமான…’ வேண்டாம், அடித்துவிட்டேன்.

கண்ணாடித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. கூட்டல் இயந்திரத்தில் பார்க்காமலே எண்களைத் தட்டுவாள். பல வருஷம் முன்பு, அம்மா படுக்கையில் கிடந்ததால், கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட யூஜீனுடன் போகவில்லை. “எப்ப மனசு மாறினாலும் ஒரு போன் பண்ணு, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனான். இந்த வருஷம் அம்மா போய்விட்டாள். பழைய சுழல் போனில் அவனைக் கூப்பிடத் தெல்மா எத்தனையோ முறை முயன்றாள். ஒவ்வொரு எண்ணுக்கும் அது மெதுவாகச் சுற்றித் திரும்புவதற்குள் தைரியம் வடிந்துவிடும்.

3

பொத்தான் போன் தயங்க நேரம் தரவில்லை. கண்ணை மூடி அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது.

“யாருங்க? இருங்க, அவரக் கூப்பிடறேன்.”

தெல்மா வைத்துவிட்டாள்.

(அடிக்குறிப்பு: யூஜீன் நம்பரில் கடைசி எண் மட்டும் ஏழு. மற்றதெல்லாம் நான்கு, ஐந்து, ஆறு. நடு வரிசை இயந்திரத்திலும் போனிலும் ஒரே மாதிரிதான். அவள் விரல் ஏழென்று நினைத்து அழுத்தியது ஒன்று. கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?)

4

மறுநாள் சாப்பாட்டு வேளையில் தோழி ஐரீனிடம் சொன்னாள்.

“இத்தன வருஷம் ஒரு ஆம்பள காத்துக்கிட்டு இருப்பானாடி?”

“மாட்டான்தான். ஆனா அந்தக் குழந்தை அழுதப்ப, ஓடிப்போயித் தூக்கிக்கணும்னு இருந்துச்சு.”

5

ஐரீனை விட்டுத் தவறைக் கண்டுபிடிக்க வைக்கலாம். எழுதியும் பார்த்தேன். தெல்மா குனிந்து, பொத்தான்களைப் பார்த்து அழுத்துகிறாள், மணி அடிக்கிறது, யூஜீன் போனை…

அதற்குமேல் எழுத முடியவில்லை. அங்கேயும் ஒரு பெண் எடுத்தால்? நம்பர் தப்பு என்று சமாதானம் சொல்ல அப்போது எதுவும் மிஞ்சாது. அவனே எடுத்துவிட்டால் அதைவிட மோசம்.

இன்று மாலை கோட்டைக்கூடக் கழற்றாமல் போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஏழு கீழ் வரிசையில் இடது ஓரம். அவளிடம் சொல்வதானால் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.