புரோக்கர் நாகேந்திரத்தின் மஞ்சள் கட்டம்

கலியாணப் புரோக்கர் நாகேந்திரத்தின் விரல்களைப் பார்த்தவர்கள் அவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள். வடை தின்ற கையைத் துடைக்காமலே கீபோர்டைத் தட்டுவார். எண்ணெய் பிடித்து எழுத்து மறைந்த அந்தக் கீபோர்டைத் தட்டித்தான் கொழும்பு வெள்ளவத்தையில் பாதிக் கலியாணம் நடந்தது.

அது யுத்தமும் மின்வெட்டுமான காலம். கரண்ட் போனால் சேவ் பண்ணாததெல்லாம் போய்விடும். "எதை மாத்தினனான், எதை சேவ் பண்ணேல்லை எண்டு இந்தச் சனியன் எனக்குச் சொல்ல வேணும்" என்று, மாப்பிள்ளை, பெண் விபரம் பதியப் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஸஹாப்தீனைப் பிடித்து உலுக்கினார். அவரும் செய்து கொடுத்தார். மாற்றிவிட்டு சேவ் பண்ணாத கட்டம் மஞ்சளாகும். மூடப் போனால் பழையதையும் புதியதையும் காட்டி, சேவ் பண்ணவா என்று கேட்கும். நாகேந்திரம் ஒழுங்கை முழுக்கப் பெருமை பேசித் திரிந்தார். சேவ் பண்ணாத மாற்றத்தில்தான் தன் பிழைப்பே ஓடுகிறது என்பது மனிசனுக்கு மறந்துபோயிற்று.

பெண் வீட்டார் வரமுன்னம் மாப்பிள்ளையின் விபரத்தில் இடைஞ்சலானதைத் திருத்தி வைப்பார். அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் சேவ் பண்ணாமல் மூடிவிடுவார். உள்ளே உண்மை பத்திரமாக இருக்கும். மறுமணம் தேடுகிற வீட்டார் வந்தால் அதுவும் விலைபோகுமல்லவா!

பக்கத்து பிளாட் சரோஜினிதேவி அக்கா மகள் சிவமணிக்குக் கனடா மாப்பிள்ளை பார்க்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். சுற்றிவளைப்பொன்றில் சிவமணியைப் பொலிஸ் கொண்டுபோய் வைத்திருந்து விட்டதிலிருந்து, அவளை எப்படியாவது பிளேன் ஏற்றினால் போதும் என்று அக்கா நின்றார். ஆனால் கோட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியப்பா தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது.

திரையில் 'முன் திருமணம்: இல்லை' என்றிருந்த கட்டம் மட்டும், சீழ் கட்டின புண்போல மஞ்சளாக இருந்தது.

"என்ன அண்ணை, இது மட்டும் ஏன் மஞ்சளாக் கிடக்கு?" என்றேன்.

"அது ஸ்கிரீன் பழுது, பிள்ளை." அவசரமாக மூடப் போனார். பெட்டியொன்று எழும்பியது. முன்பு: உண்டு. இப்போது: இல்லை. சேவ் பண்ணவா?

வடை அவர் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அக்கா இப்போது கத்தப்போகிறார் என்று நான் வசதியாகச் சாய்ந்துகொண்டேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொருதரம் வாசித்தார்.

"மனுசி இப்ப எங்க?"

"விட்டிட்டுப் போட்டாள். அடிச்சவனெண்டு ஒரு கதை. அங்கத்தைச் சட்டம் தெரியுந்தானே, தொட்டாலும் கேஸ்."

"அப்ப சேவ் பண்ணுங்கோ," என்றார் அக்கா. "ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்கோ, பிள்ளையின்ர பெரியப்பாவுக்குக் காட்ட."

எண்ணெய் விரல் அழுத்தியது. மஞ்சள் மறைந்து கட்டம் பால்போல வெளுத்தது. சேவ் பண்ணின பொய்யை எந்தப் புரோகிராமும் காட்டிக்கொடுக்காது. நாகேந்திரம் மிச்ச வடையை விழுங்கினார்.

என் வயிற்றில் ஒரு கதையும் தங்காது என்பதை அக்கா அன்றைக்கு மறந்துவிட்டார். வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கிய சிவமணியை ஹோல்டிலேயே பிடித்துச் சொல்லிவிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமோ அன்ரி?"

"சேவ் பண்ணச் சொன்னதே அம்மாதான்."

வீதியோரம் துப்பினாள். பிறகு நேரே புரோக்கர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலே.

அவர் "வாங்கோ பிள்ளை" என்று எழும்பியதும் அவருடைய கதிரையில் இருந்துகொண்டு தன் விபரத்தைத் திறந்தாள். முன் திருமணம்: உண்டு. பிள்ளைகள்: இரண்டு. இரண்டு கட்டமும் மஞ்சளாகின.

"என்ன விசர் வேலை பிள்ளை! கனடாவுக்கு அனுப்பிற விபரம் இது!"

"பிரிண்ட் எடுத்து நானே அனுப்பிறன் அங்கிள். சேவ் பண்ணட்டோ?" விரலைத் தூக்கிப் பிடித்தாள். "இல்லாட்டி அந்தாளின்ரயை உள்ளபடி மாத்தி, எனக்கொரு பிரிண்ட் தாங்கோ."

"உன்ர கொம்மாதான் கேட்டவ!"

"இப்ப நான் கேக்கிறன்."

விரல் இறங்கப் பார்த்தது. பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்ற கதை கனடா வரைக்கும் போனால், அங்கே ஒரு வீட்டார்கூட இவரை நம்ப மாட்டார்கள். முணுமுணுத்தபடி மாப்பிள்ளையின் கட்டத்தில் 'உண்டு' என்று தட்டி, சேவ் பண்ணி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். சிவமணி தன்னுடையதை சேவ் பண்ணாமல் மூடிவிட்டு, தாளோடு கோட்டாஞ்சேனை பஸ் ஏறப் போனாள்.

நாகேந்திரம் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கீபோர்டை அழுத்தித் துடைத்தார். இத்தனை வருடத்தில் அவர் அதைத் துடைத்து அன்றைக்குத்தான் கண்டேன். ஊத்தை எங்களுடையது என்பதுபோல என்னைப் பார்த்தபடியே துடைத்தார்.