மூன்றாம் குளத்துப் பாதை

நாகமணி தன் புருஷன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். 'அவங்க', 'எங்க வீட்டு ஆளு', கோபம் வந்தால் 'பண்டுக்காரரு' என்பாள், அவ்வளவுதான். அவன் செத்த மறுநாள் போலீஸ் நிலையத்தில் அதிகாரி, புருஷன் பேர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில் கூட வந்த தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அந்தக் கிராணிதான் 'ரெங்கசாமி' என்று எழுதிக் கொடுத்தார். அதற்கே அதிகாரியின் முகம் சுருங்கியது. செத்தவன் பேரைச் சொல்லவே பயப்படுகிறாள் என்றால் வீட்டுக்குள் ஏதோ மறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறைந்திருந்தது மரியாதைதான். அதை அவருக்கு யார் விளங்க வைப்பது?

கோல சிலாங்கூர்ப் பக்கம், கடலோரத் தென்னந்தோட்டம் அது. கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் தோட்டத்துக்குள் புகாமல் நீளமாக ஒரு மண்கரை போட்டிருந்தார்கள். பண்டு என்று சொல்வார்கள். தோட்டத்து வாசலிலிருந்து பண்டின் மேல் கொஞ்ச தூரம் போய், பிறகு காட்டுக்குள் இறங்கி, மூன்று குளங்களைச் சுற்றி, பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களுக்கு நடுவே புகுந்து போனால் கடலோரத் தண்ணிக்கதவு வரும். தண்ணீர் இறங்கும்போது கதவைத் திறப்பது, ஏறும்போது மூடுவது, போகிற வழியில் பண்டில் நண்டு வளை இருந்தால் அடைப்பது, இதுதான் ரெங்கசாமியின் வேலை. இடது காலைச் சற்று இழுத்து இழுத்து நடப்பான். அந்தக் காலோடு தினம் இரண்டு நடை. பாதையை அவனே போட்டான் என்றும் சொல்லலாம். சேறு அதிகமான இடங்களில் தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே கிடத்தியதும், மழையில் அது உளுத்தால் மாற்றியதும் அவன்தான். துரைமார் காகிதத்தில் அந்தப் பாதைக்கு ஒரு கோடுகூடக் கிடையாது.

காட்டுப் போராளிகளை ஒடுக்க வெள்ளைக்காரச் சர்க்கார் அறிவித்த அவசரகாலம் வந்ததும் அந்தப் பாதைக்குக் கெட்ட காலம் வந்தது. காட்டில் துப்பாக்கியோடு திரிகிறவர்கள் அந்த வழியாகத்தான் அரிசி வாங்கிப் போகிறார்கள் என்று பேச்சு. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வாசலில் சோதனை. மாலை நாலு மணிக்கு மேல் பாதையில் ஆள் நடமாட்டம் இருந்தால் சுடலாம் என்று உத்தரவு. அந்த உத்தரவு கடலுக்குத் தெரியுமா? அது தன் நேரத்துக்குத்தான் ஏறும், இறங்கும். ஐம்பத்தொன்றாம் வருஷம் கடைசியில் ஒருநாள், தண்ணிக்கதவில் ஒரு பெரிய கட்டை வந்து செருகிக்கொண்டது. அதை இழுத்துப் போட்டுவிட்டு ரெங்கசாமி திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. மூன்றாம் குளத்தருகே ரோந்து ஆட்கள் சுட்டார்கள்.

'இரண்டு தடவை கூப்பிட்டோம். அவன் நிற்கவில்லை. வேகமாக நடந்தான். சுட்டோம்.' அறிக்கையில் இவ்வளவுதான். கிராணி தமிழில் வாசித்துக் காட்டினார். ரெங்கசாமி கையில் ஒரு மண்வெட்டியும் தோளில் ஈரத்துண்டும் தவிர எதுவும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கூப்பிட்டும் நிற்காத மனுஷன் காட்டுக்காரர்களுக்கு உதவும் கள்ளன்தானே. குழாயடியில் நாகமணி வந்தால் பெண்கள் பேச்சை மாற்றினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழகிய வேலம்மாகூட ஒருநாள், "எதுக்குலா அவரு நிக்காம போனாரு?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தக் கேள்விதான் நாகமணியைத் தின்றது. சாவைக்கூட அவள் ஒருமாதிரி விழுங்கிவிட்டாள். ஏன் நிற்கவில்லை? போலீஸ்காரன் 'ஹால்ட்' என்று கத்தினால் நிற்க வேண்டும் என்பது தெரிந்தவன். காது நன்றாகக் கேட்கும். பயந்தவனும் இல்லை. தனக்குத் தெரியாமல் அந்த மனுஷன் ஏதாவது செய்துகொண்டிருந்தானா? ஒரு வருஷமாக ராத்திரிச் சோறு அந்தக் கேள்வியோடுதான் இறங்கியது. அவனைச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட்டதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

வருஷத் திதிக்கு, அவன் விழுந்த இடத்திலேயே படையல் வைக்க வேண்டும் என்று மேஸ்திரி வேலை பார்க்கும் மண்டோர் மூலம் மனுக் கொடுத்தாள். பாஸ் கிடைத்தது. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, துணைக்கு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்.

வந்தவன் மத்தியாஸ்.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பையன். அப்பாவுக்கு அங்கே ஈயம் தோண்டும் கப்பலில் வேலை. கோயில், ஜெபமாலை என்று கண்டிப்பாக வளர்ந்த வேதக்காரக் குடும்பம். தோட்டத்துக் காவலுக்கு வந்த புதிதில் நாகமணி வீட்டு மீன் குழம்புக்கு வாரம் இரண்டு தரம் வந்து உட்காருவான். ரெங்கசாமியை 'அண்ணே, அண்ணே' என்று சுற்றி வருவான். அன்றைய ரோந்தில் அவனும் இருந்தான். சுட்டது அவனல்ல, வெள்ளைக்காரச் சார்ஜன்ட் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு மத்தியாஸ் அந்த லயத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இன்றைக்கு முறையும் அவனுடையதில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

வாசலில் சோதனை போடும் புஷ்பவள்ளி, கூடையிலிருந்த பித்தளைச் சொம்பைத் திறந்தாள். ஒரு பிடி சோறு.

"அக்கா, ஒரு பருக்க வெளிய போவக் கூடாது. ஒனக்கே தெரியும்."

"திதிம்மா. காக்காய்க்கு."

"காக்காய்க்குன்னு எழுதி வாங்கிட்டு வா, விடறேன்." சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. தலையைத் திருப்பிக்கொண்டு சோற்றை எடுத்து வைத்தாள். மிச்சம் இருந்தது வாழையிலைத் துண்டு, வெற்றிலை, பாக்கு, நாலு செம்பருத்தி, கற்பூரம், ஒரு சுருட்டு. நாகமணி கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

பண்டின் மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு வருஷம் யாரும் அடைக்காத நண்டு வளைகள் கரை முழுக்கக் கண் திறந்து கிடந்தன. நாகமணி முன்னால் நடந்தாள். மத்தியாஸ் துப்பாக்கியோடு பத்தடி பின்னால். காட்டுக்குள் இறங்கியதும் வெயில் விட்டுவிட்டது. முதல் குளத்தில் கொக்குகள் நின்றன. மேலே லோத்தோங் குரங்குகள் கிளைவிட்டுக் கிளை தாவி அவர்களைப் பார்த்தன. மனிதர்கள் வராத ஒரு வருஷத்தில் பாதை பாதியாகச் சுருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பெரணி வளர்ந்து காலை உரசியது. இவ்வளவு அழகான இடத்தில் மனுஷனைச் சுட எப்படி மனசு வந்தது என்று நாகமணிக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டாம் குளத்தில் நின்றாள். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தம்பி, அன்னைக்கு நீ இருந்தல்ல. அவங்க ஓடுனாங்களா?"

"ஓடலக்கா. வேகமா நடந்தாரு."

"ரெண்டு தடவ கூப்புட்டது நெசமா?"

"நெசந்தான்."

"அவங்களுக்குக் கேக்குற தூரமா?"

மத்தியாஸ் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். "கேட்டிருக்கும்கா. மொதக் குரலுக்கே தோளு அசைஞ்சிச்சு. கேட்டுட்டுத்தான் நடந்தாரு."

கேட்டுவிட்டுத்தான் நடந்தார். அப்படியானால் ஊர் சொல்வது சரியா? கூடையை இடுப்பில் அழுத்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இனி யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. வைக்க வேண்டியதை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

மூன்றாம் குளத்தின் வாய்க்கால் குறுக்கே ரெங்கசாமி போட்ட தென்னை மரம் கிடந்தது. மேலே பாசி பச்சைப்பசேலென்று இருந்தது. பின்னால் வந்த மத்தியாஸ் பாதை வளைவில் நின்று பக்கவாட்டில் பார்த்தபோதுதான், மரத்தின் அடிப்பக்கம் முழுக்க உளுத்துப் பொந்தாகிவிட்டது தெரிந்தது. கீழே ஆள் ஆழத்துக்குச் சேறு.

"நாகமணிக்கா!"

அவள் திரும்பவில்லை.

"நாகமணிக்கா!"

அவள் தோள் லேசாக அசைந்தது. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்தாள். மத்தியாசுக்கு அந்த நாள் கண்முன் வந்தது. இதே இடம். இதே நடை.

"நாகமணிக்கா! நில்லுங்கக்கா!"

நின்றாள். மரத்தில் வைக்கத் தூக்கிய காலைக் கீழே வைத்தாள். நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். மத்தியாஸ் ஓடிவந்து துப்பாக்கிக் கட்டையால் மரத்தை ஓங்கி இடித்தான். பாதி மரம் பொலபொலவென்று சேற்றில் விழுந்தது.

"ஏங்கா, ரெண்டு தடவ கூப்புட்டேன். காதுல விழலையா?"

"விழாம என்ன. இந்தக் காட்டுல பின்னாலேருந்து பேரச் சொல்லிக் கூப்புட்டா மொதக் குரலுக்குந் திரும்பக் கூடாது, ரெண்டாங் குரலுக்குந் திரும்பக் கூடாதுலா. அது தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்புடும். ஆனா ரெண்டு தடவைக்கு மேல அதால கூப்புட முடியாது. மூணாந் தடவ கூப்புட்டாத்தான் மனுசன். இதுகூடவா ஒங்க வீட்டுல சொல்லித் தரல?"

"பேயி பிசாசுன்னாலே எங்கம்மா வாயில மொளகாத் தேச்சிருவாங்க." பழக்கத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. துப்பாக்கி கையிலிருந்து நழுவிப் பெரணியில் விழுந்தது. அவனும் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன தம்பி? என்ன ஆச்சு?"

"ஹால்ட்னு கத்தச் சொன்னாருக்கா சார்ஜன்ட். நான் கத்தல. கால இழுத்து நடக்குறத வச்சே அண்ணன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. கத்துனா பயந்துருவாருன்னு நெனச்சேன். தெரிஞ்ச கொரலு கேட்டா நிப்பாருன்னு, பேரச் சொல்லிக் கூப்புட்டேன். ரெண்டு தடவ. ஒன்னத் தெரிஞ்சவன் ஒன் குரலுக்கும் நிக்கலன்னா அவன் திருடன்தான்னு சொல்லிட்டு சார்ஜன்ட் சுட்டுட்டாரு. மூணாவது தடவ கூப்புட வாயத் தொறந்தேங்கா. தொறந்தேன். அதுக்குள்ள..."

நாகமணி அவனையே பார்த்தாள். முதலில் வந்தது கோபம். அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. எவனோ ஒருவன் பல்லைக் கடித்து 'ஹால்ட்' என்று கத்தியிருந்தால் அவள் புருஷன் நின்றிருப்பான். பாசத்தோடு கூப்பிட்டதுதான் அவனைக் கொன்றது. அடுத்த நொடி, ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. அவன் ஓடவில்லை. எதையும் ஒளிக்கவில்லை. காட்டில் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தான், மூன்றாவது குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பீறிட்டது. சாவன்றுகூட அப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவ கூப்புட்டியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். என்னன்னு கூப்புட்டன்னு யாருமே கேக்கலக்கா. தெரிஞ்ச மனுசனச் சாவ விட்டேன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. ஸ்டேசன்ல போயி இப்பச் சொல்றேன்."

"அங்க யாரு காது குடுப்பா? நாளைக்குப் பெரட்டுல சொல்லு. எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்க நிப்பாங்கல்ல, அவங்க முன்னால சொல்லு. வேலம்மா காதுல விழுற மாதிரி சொல்லு."

"சொல்றேன்." வேலை போகும் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு அவன் கைகாட்டிய இடத்துக்குப் போனார்கள். அங்கே ஓர் அடையாளமும் இல்லை. புல்தான். நாகமணி வாழையிலைத் துண்டை விரித்து வெற்றிலை, பாக்கு, பூ வைத்தாள். சுருட்டை நடுவில் வைத்தாள். சோறு வைக்கும் இடத்தை வெறுமையாக விட்டாள். கற்பூரம் ஏற்றி, அது எரிந்து முடியும்வரை கைகூப்பி நின்றாள். மத்தியாஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"படையல் வச்சா பேரச் சொல்லிக் கூப்புடணும். எனக்குப் பையன் இல்ல. நான் அந்தப் பேரச் சொல்ல முடியாது," என்றாள் நாகமணி. "நீ கூப்புடு. ரெண்டு தடவ ஏற்கெனவே கூப்புட்டுட்ட."

மத்தியாஸ் தலையை ஆட்டினான். முடியாது என்றானா, சரி என்றானா தெரியவில்லை. நாகமணி காத்திருந்தாள். அவன் எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெங்கசாமி அண்ணே!"

குரல் குளத்தைக் கடந்து பாக்காவ் மரங்களுக்குள் போயிற்று. ஒரு கொக்கு எழுந்து பறந்தது. மத்தியாஸ் முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டான். நாகமணி மட்டும், தண்ணிக்கதவிலிருந்து வரும் பாதையைத் திரும்பிப் பார்த்து நின்றாள்.